கிளெப்டிகோவில் கேட்கும் தட்டல்

யாக்கோவோஸுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. துறைமுகத்தில் யாராவது இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் அவன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பான். புதிதாக வந்தவர்கள் திமிர் பிடித்த ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் கிரேக்கத்து மீலோஸ் தீவின் தென்மேற்கு மூலையில், கிளெப்டிகோ பாறைகளுக்கு நடுவே சாயங்காலம் நங்கூரம் போட்டு நிற்கும்போது, அந்தச் செத்த காதில்தான் அவனுக்கு அது கேட்கும். படகின் அடியிலிருந்து, இடது பக்கமாக, இரண்டே தட்டு. கத்தியின் பிடியால் தட்டினால் எப்படிக் கேட்குமோ அப்படி.

ஒன்பது வருஷமாகக் கேட்கிறது. அந்த நேரம் நெருங்கும்போது அவன் பாட்டுப் பெட்டியைத் திருகிச் சத்தமாக வைத்துவிடுவான். விருந்தாளிகள் கொண்டாட்டம் ஆரம்பித்துவிட்டதென்று எழுந்து ஆடத் தொடங்குவார்கள். கேப்டன் ரொம்ப ஜாலியான மனுஷன் என்று ஊருக்குப் போய் எழுதியும் போடுவார்கள். அந்த ஜாலியான மனுஷன் அப்போது சுக்கானுக்குப் பின்னால் நின்றுகொண்டு, வலது காதுக்குள் அவ்வளவு சத்தம் போனாலும் இடது காதில் கேட்பது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது என்று நடுங்கிக்கொண்டிருப்பான்.

படகின் பெயர் கல்லியோப்பி, அவனுடைய அம்மாவின் பெயர். அது ஒரு கேட்டமரன். கேட்டமரன் என்றால் ஒரு படகில்லை, இரண்டு. ஒல்லியான இரண்டு படகுகளை இடைவெளி விட்டு நிறுத்தி மேலே ஒரே தளமாக மூடியது. யாக்கோவோஸும் தம்பி பிராங்குலிஸும் சேர்ந்து வாங்கியது. பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு பிற்பகலில் அதாமந்தாஸ் துறையை விட்டுக் கிளம்பினால், குகைகளைக் காட்டி, குளிக்கவிட்டு, சாப்பாடு போட்டு, கடைசியில் திறந்த கடலில் சூரியன் இறங்குவதைக் காட்டித் திரும்பவேண்டும். அவர்கள் ஊரிலும் தினமும் மறைகிற அதே சூரியன்தான். ஆனாலும் எங்கள் தீவில் அது இறங்குவதை ஒரு நிமிஷம் தவறவிட்டால், ஏதோ அவர்களுடைய சொத்தை நாங்கள் கடலில் போட்டுவிட்ட மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். தொழில் முழுவதும் அந்த ஒரு நிமிஷத்தில் தொங்குகிறது.

கிளெப்டிகோவின் அடித்தளம் வெடிப்பும் பிளவுமாக இருக்கும். வெள்ளை மணல் என்று நம்பி நங்கூரத்தை இறக்கினால், பத்து நாளில் ஒரு நாள் அது ஒரு பிளவில் போய் உட்கார்ந்துவிடும். அப்போது யாராவது முங்கிப்போய் அதைப் பிடுங்கிவிட வேண்டும். பிராங்குலிஸ் மூச்சடக்கி இரண்டு நிமிஷத்துக்கு மேல் இருப்பான். கீழே இருப்பவன் இரண்டு படகுகளுக்கும் நடுவில் எழுந்தால், சுக்கானில் நிற்பவனுக்குத் தலையும் தெரியாது, கத்தினாலும் கேட்காது. அதனால் அண்ணனும் தம்பியும் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். கத்திப் பிடியால் அடியில் ஒரு தட்டு தட்டினால் சங்கிலியைத் தளர்த்து. இரண்டு தட்டினால் நங்கூரம் கழன்றுவிட்டது, இழு. மற்றப் படகுக்காரர்கள் சொல்லாமலில்லை. “முகத்தைப் பாக்காம எஞ்சினத் தொடாதீங்கடா, பாவிகளா” என்று கிழவர்கள் காபிக் கடையில் வைத்தே திட்டினார்கள். இவர்கள் சிரித்தார்கள். தம்பி நீந்தி முன்பக்கம் வந்து முகம் காட்டுகிற அந்த ஒரு நிமிஷத்தை மிச்சம் பிடித்தால் சூரியனைப் பிடித்துவிடலாமே என்பது இவர்களுடைய கணக்கு.

ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம் சூரியன் இறங்க இருபது நிமிஷம் இருந்தது. நங்கூரம் மாட்டிக்கொண்டது. பிராங்குலிஸ் இறங்கினான். மேலே ஐம்பதாவது கல்யாண நாள் கொண்டாட வந்த ஒரு தம்பதி, சூரியனைப் பார்க்க முடியுமா முடியாதா என்று மூன்றாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இடது பக்கம் அடியில் இரண்டு தட்டு கேட்டது. யாக்கோவோஸ் எஞ்சினைக் கிளப்பி, சங்கிலி சுற்றும் மோட்டாரை அழுத்தினான். சங்கிலி விறைத்தது, வரவில்லை. இன்னும் கொஞ்சம் எஞ்சின் கொடுத்தான். அப்போதும் வரவில்லை. பிறகு அவனுக்குப் புரிந்தது. குதித்தான். கீழே தம்பியின் வலது கை சங்கிலிக்கும் பாறை விளிம்புக்கும் நடுவில் இருந்தது. மேலே வந்து சங்கிலியைத் தளர்த்திவிட்டு மறுபடி ஒரே மூச்சில் இறங்கியபோது இடது காது வெடித்தது. மேலே கொண்டுவந்தபோது பிராங்குலிஸின் கண் திறந்தே இருந்தது, மூச்சில்லை.

கடலோரக் காவலரிடம், கல் உருண்டு கைமேல் விழுந்துவிட்டது என்றான். யாரும் சந்தேகப்படவில்லை, காதிலிருந்து ரத்தம் வடிய நிற்கிறவனை யார் சந்தேகப்படுவார்கள்? அதையே தம்பி பெண்டாட்டி ஸம்பேத்தாவிடமும் சொன்னான். அன்று அந்த இரண்டு தட்டைத் தட்டியது யார் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. பின்னால் கட்டியிருந்த ரப்பர் படகு இடித்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். ரப்பர் இடித்தால் அந்தச் சத்தம் வராது.

மூன்று மாதம் கழித்து, கறுப்பு உடுப்போடு ஸம்பேத்தா படகடிக்கு வந்து நின்றாள். கையில் சட்டுவமும் சமையல் மேலங்கியும்.

“நகரு. எனக்கும் இதுல பாதி இருக்கு. இனிமே சமையல் என்னோடது.”

“உனக்கு எதுக்கு ஸம்பேத்தா இந்த வேலை? நான் பாத்துக்கறேன்.”

“நீ போடற சாப்பாட்டத் தின்னுட்டு ஒருத்தி போன வாரம் அழுதாளாம், ஊரே சொல்லுது. வீட்டுல இருந்தா சுவரு என்னைத் தின்னுடும் யாக்கோவோஸ். நகரு.”

அவள் கிளிமா கிராமத்து மீனவர் குடும்பத்துப் பெண். பத்து வயதிலேயே கடல் முள்ளி என்கிற முள்ளுருண்டைப் பிராணியைப் பிடிக்க முங்கியவள். சமையலில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. எங்கள் ஊர்ப் பாலாடைக்கட்டியை மடித்து அவள் சுடுகிற சோமாஸ் தட்டைத் தொடுவதற்கு முன்னாலேயே காலியாகிவிடும். வாய் அதைவிட மோசம். விருந்தாளிகளைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே, அவர்களுக்குப் புரியாத கிரேக்கத்தில், “இந்த வெந்த இறாலுக்கு இன்னும் ரெண்டு தக்காளி போடு, அந்தக் கொக்குக்குக் கறியே வேணாம்” என்பாள். யாக்கோவோஸை அவள் கூப்பிடுவது செவிட்டுக் கேப்டன் என்றுதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் சாப்பிடுவது அவள் வீட்டில். சட்டைக் காலர் கிழிந்தால் தைப்பது அவள். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுடைய திட்டுத்தான் அவனுக்கு வீடு, வாசல் எல்லாம். அவளுக்கு உண்மை தெரிந்தால் அன்றைக்கே படகை விட்டு இறங்கிவிடுவாள், பிறகு இந்த உலகத்தில் தன்னைத் திட்டக்கூட ஆளிருக்காது என்பது ஒன்றுதான் அவனுடைய பயம். தட்டலுக்குப் பயப்பட்டதைவிட அதற்குத்தான் அதிகம் பயந்தான்.

ஒருமுறை உண்மை வெளிப்படும் விளிம்புவரை வந்துவிட்டது. புதைத்து நான்கு வருஷம் ஆனதும், எங்கள் வழக்கப்படி குழியைத் திறந்து எலும்பை எடுத்தார்கள். பெண்கள் உட்கார்ந்து திராட்சை மதுவில் ஒவ்வொன்றாகக் கழுவினார்கள். ஸம்பேத்தா வலது கை எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு, சுவரோரம் நின்றவனைக் கூப்பிட்டாள்.

“இங்க பாரு. கல்லு விழுந்தா நொறுங்கும். இது எப்படி இவ்வளவு நேரா உடைஞ்சிருக்கு?”

“கல்லோட விளிம்பு கூரா இருந்துச்சு.”

அவள் அவனையே பார்த்தாள். பிறகு எலும்பைத் துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். அதற்குப் பிறகு அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவனால் தாங்கியிருக்க முடியும்.

இந்த செப்டம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். அன்று பத்துப் பேர். அதில் ஒரு சுவிஸ்காரர், பல் மருத்துவராம், ஏறியதிலிருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அவரு சூரியனோட பல்லப் பிடுங்க நேரம் குறிச்சு வந்திருக்காரு” என்றாள் ஸம்பேத்தா. கிளெப்டிகோவில் எல்லோரும் குளித்தார்கள், தின்றார்கள். யாக்கோவோஸ் பாட்டைச் சத்தமாக வைத்தான், தட்டல் வழக்கம்போல வந்து போனது. பாறை ஓரமாகத் தெற்கிலிருந்து ஒரு காற்று கிளம்பியது. தெற்குக் காற்று கிளெப்டிகோவுக்கு ஆகாது, நேராகப் பாறைமேல் தள்ளும். மற்றப் படகுகள் ஒவ்வொன்றாகக் கழன்று போயின. இவர்களும் கிளம்பலாமென்று மோட்டாரை அழுத்தியபோது சங்கிலி விறைத்து நின்றது.

அவன் கையெடுத்துவிட்டான். எஞ்சினையும் அணைத்தான். முகம் வெளுத்துப்போயிருந்தது.

ஸம்பேத்தா ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள். “மாட்டிக்கிச்சா?”

“சங்கிலியப் படகோட கட்டியிருக்கிற கயித்த வெட்டி, நங்கூரத்த விட்டுட்டுப் போயிடலாம்.”

“உனக்குக் காதுதான் போச்சுன்னு நெனச்சேன். வலது எஞ்சின் காலையில இருந்து இருமிக்கிட்டு இருக்கு. நங்கூரம் இல்லாம முனையச் சுத்தறப்போ அது நின்னுச்சுன்னா? பத்துப் பேரப் பாறையில கொண்டுபோய் ஒட்ட வெப்பியா?”

“நான் இறங்கறேன்.”

“டாக்டர் உன்னக் குளியல் தொட்டியிலகூட முங்கக் கூடாதுன்னுருக்காரு.” அவள் அதற்குள் மேலங்கியைக் கழற்றிவிட்டு நீச்சலுடையில் நின்றாள். நீச்சல் முகமூடியின் கண்ணாடியை எச்சில் தொட்டுத் தேய்த்தாள். “அஞ்சு ஆள் ஆழம். முள்ளிக்கு நான் போகாத ஆழமா? நீ போய் எஞ்சின்கிட்ட நில்லு. பிராங்குலிஸ் தட்டற மாதிரியே தட்டறேன். ரெண்டு தட்டுனா இழு.”

“வேணாம்.”

“என்ன வேணாம்?”

“தட்ட வேணாம். ஸம்பேத்தா, தட்டல் மட்டும் வேணாம்.”

அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது. அவள் முகமூடியைத் தாழ்த்தினாள். பின்பக்கம் விருந்தாளிகள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல் மருத்துவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ஸம்பேத்தா அவரைப் பார்த்துக் கையசைத்துப் பெரிதாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மாறாமலே, “ஏன்?” என்றாள்.

சொல்லாமல் விட்டால் அவள் இறங்குவாள், தட்டுவாள். அவளுக்கு முன்னால் வேறொன்றும் தட்டும். எது யாருடையது என்று அவனுக்குத் தெரியாது. சொன்னால் அவள் போய்விடுவாள். ஒன்பது வருஷமாக எந்த வார்த்தைக்குப் பயந்தானோ அதை அவன் காற்றுக்கு முதுகு காட்டி நின்று, கீழே பார்த்துக்கொண்டே சொன்னான்.

“அன்னிக்குக் கல்லு உருளல. எனக்கு ரெண்டு தட்டு கேட்டுச்சு. நான் இழுத்துட்டேன். அவன் கை சங்கிலிக்கு அடியில இருந்துச்சு. வரலன்னு இன்னும் எஞ்சின் கொடுத்தேன். நான்தான், ஸம்பேத்தா.”

அவள் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. விருந்தாளிகளுக்காக வைத்தது, எடுக்க மறந்துவிட்டாள்.

“எலும்பக் கையில வெச்சுக்கிட்டுக் கேட்டேன்.”

“ஆமா.”

“கூரான கல்லுன்ன. நான் கழுவிக்கிட்டிருந்த கையப் பாத்துச் சொன்ன.”

“ஆமா.”

“ஒம்பது வருஷம் என் சோத்தத் தின்ன.”

அடிப்பாள் என்று அவன் எதிர்பார்த்தான், அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான். படகு ஒருமுறை பாறைப் பக்கம் சாய்ந்து எழுந்தது. ஒரு பெண் வீல் என்று கத்திச் சிரித்தாள்.

“தட்டவே இல்லையா அவன்? பொய்யா?” என்றாள் ஸம்பேத்தா. “சூரியனுக்கு நேரமாச்சுன்னு நீயா இழுத்தியா?”

“கேட்டுச்சு. சத்தியமாக் கேட்டுச்சு. இப்பவும் கேக்குது. தினமும், இங்க நிக்கறப்பல்லாம். அதுக்குத்தான் பாட்டச் சத்தமா வெக்கறேன்.”

அவள் அவனை நம்பவில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. செத்தவன்மேல் பழி போடுகிறான் என்று நினைக்கிறாள். அப்படி நினைக்கத்தானே செய்வாள்.

“சாவி குடு,” என்றாள்.

“என்னது?”

“ரெண்டு எஞ்சின் சாவியும். குடு.”

அவன் எடுத்துவந்து கொடுத்தான். அவள் வளையத்தை முடி கட்டும் நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டி, முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். எஞ்சின் ஓடாமல் சங்கிலி மோட்டாரும் ஓடாது. “இப்ப உன் காதுல என்ன கேட்டாலும் எனக்குக் கவலையில்ல” என்று சொல்லிவிட்டு, முகமூடியை ஏற்றி, கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, தண்ணீர் தெறிக்காமல் இறங்கினாள்.

யாக்கோவோஸ் சுக்கானுக்குப் போய் நின்றான். எதற்கென்று தெரியாது, அங்கேதான் நின்று பழக்கம். பல் மருத்துவர் வந்து, அந்த அம்மா எங்கே போனார் என்று கேட்டார். “மீன் பாக்க” என்றான். பாட்டை யாரோ அணைத்திருந்தார்கள். காற்றும் அலையும்தான். ஒன்று, இரண்டு என்று அவன் மனதுக்குள் எண்ணினான். நாற்பதுவரை எண்ணியபோது தட்டல் வந்தது.

இடது பக்கம், அடியில். இரண்டு. இத்தனை வருஷத்தில் இவ்வளவு தெளிவாக அவன் கேட்டதில்லை. வந்துவிட்டாள், கழற்றிவிட்டாள் என்று ஒரு சந்தோஷம் உச்சந்தலைவரை ஏறியது. பிறகு அவன் குனிந்து தன் வலது கையைப் பார்த்தான். அது அவனைக் கேட்காமலே போய், எஞ்சின் பலகையில் சாவி இருக்கவேண்டிய வெறும் துளைக்கு மேலே விரல்களைக் குவித்து, திருகிக்கொண்டிருந்தது. சொல்லவேண்டியதெல்லாம் சொன்ன பிறகும், எல்லாம் தெரிந்த பிறகும், கை போய்விட்டது. சாவி அங்கே இருந்திருந்தால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்.

அவன் அந்தக் கையை அக்குளில் இறுக்கிக்கொண்டு தளத்தில் உட்கார்ந்துவிட்டான். எழுபது, எண்பது என்று வாய்விட்டு எண்ணினான். ஒரு விருந்தாளி அதைப் படம் எடுத்தாள்.

நூறு எண்ணி முடிக்கும்போது, படகின் முன்பக்கம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஸம்பேத்தாவின் தலை எழுந்தது. அவள் மூச்சு வாங்கியபடி பக்கவாட்டில் நீந்திவந்து ஏணியைப் பிடித்தாள். ஏறவில்லை. முகமூடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“கழண்டுடுச்சு. மணல்ல கெடக்கு, ரெண்டு நிமிஷந்தான் பிடிச்சு நிக்கும்.” இருமினாள். “தட்டுனேனே, கேட்டுச்சா?”

“கேட்டுச்சு. ரெண்டு.”

“எந்தப் பக்கம்?”

“இடது.”

“கை எங்க போச்சு?”

பொய் சொல்ல ஒரு வழியிருந்தது. அவன் கையை அக்குளிலிருந்து எடுத்துக் காட்டினான். “சாவிக்குப் போச்சு,” என்றான்.

அவள் ஏணியைப் பிடித்தபடியே இருந்தாள். ஓர் அலை அவளைத் தூக்கி இறக்கியது.

“நான் தட்டல யாக்கோவோஸ்,” என்றாள். “நீ பொய் சொல்றியான்னு பாக்கத்தான் கேட்டேன். நான் இடது பக்கம் வரவே இல்ல.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் கண்ணில் இருந்தது நடிப்பில்லை என்று அவளுக்கு அப்போது தெரிந்துவிட்டது. அன்றைக்கும் அவனுக்கு இப்படித்தான் கேட்டிருக்கிறது. இப்படித்தான் கை போயிருக்கிறது.

அவள் ஏறினாள். துண்டு நீட்டிய பெண்ணைத் தாண்டி, சொட்டச் சொட்ட இடது பக்கத் தளத்துக்குப் போய்க் குப்புறப் படுத்தாள். கன்னத்தைப் பலகையில் அழுத்தி, காதை வைத்தாள். விருந்தாளிகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பல் மருத்துவர்கூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. யாக்கோவோஸ் அவள் பக்கத்தில் வந்து நின்றான், உட்காரத் தைரியம் வரவில்லை.

மறுபடி அது வந்தது. காலடியில், மெதுவாக, இரண்டு. அவன் உடம்பு தூக்கிப்போட்டது. அதை அவள் பார்த்தாள்.

“இப்பவா?” என்றாள்.

அவன் தலையசைத்தான்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் அழுத்தி வைத்துக் கேட்டாள். கண்ணை மூடினாள், வாயைப் பொத்தினாள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் அடிக்கிற சத்தம் மட்டும்.

“ஒம்பது வருஷமா நானும் இங்கதான நிக்கறேன்,” என்றாள். குரல் உடைந்துவிட்டது. “அவனுக்குப் பிடிச்ச சோமாஸ சுட்டுக்கிட்டு, அவன் செத்த எடத்துக்கு மேலயே நிக்கறேன். உன்னத் தினமும் கூப்பிடறான். கொன்ன உன்னக் கூப்பிடறான். என்ன ஒரு நாள்கூடக் கூப்பிடலயே.”

அவள் போய்விடுவாளோ என்ற பயம்கூட அந்த நேரத்தில் யாக்கோவோஸிடம் இல்லை. இந்தத் தட்டலை அவள் கையில் கொடுத்துவிட முடியுமானால் கொடுத்திருப்பான். அவள் பலகையில் முகம் புதைத்து, ஊமை அழுகையாக அழுதாள். கழுத்தில் கிடந்த சாவிகள் அவள் தோள் குலுங்கும்போதெல்லாம் பலகையில் உரசின.

நங்கூரம் மணலில் நழுவத் தொடங்கியது. பாறை பத்தடி தூரத்துக்கு நெருங்கியிருந்தது. ஸம்பேத்தா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள், சுக்கானுக்குப் போனாள், நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்காமலே குனிந்து எஞ்சினைக் கிளப்பினாள்.